‘அவமானம் தாங்காமல்’

மதுரை டீக்கடைகளின் வாசலில் மாலைப் பத்திரிகைகளின் வால்போஸ்டர்கள் தொங்கும். பெரிய எழுத்தில் நான்கைந்து சொற்கள். ஓர் ஆண் உயிரை மாய்த்துக்கொண்டால் ‘கடன் தொல்லையால்’ என்றோ ‘தொழில் நஷ்டத்தால்’ என்றோ போட்டிருக்கும். பெண் என்றால், அதிலும் ஒரு படமோ வீடியோவோ சம்பந்தப்பட்ட பெண் என்றால், அதிகம் யோசிக்க மாட்டார்கள். ‘அவமானம் தாங்காமல்’ என்று போட்டுவிடுவார்கள்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறவள் நான். அதனால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். ‘தாங்காமல்’ என்பது எதிர்மறை வினையெச்சம். எச்சம் தானாக முடியாது. ஒரு வினைமுற்று வந்து அதை முடித்துவைக்க வேண்டும். ‘அவமானம் தாங்காமல்’ என்று படித்ததும் நம் மனம் எந்த வினைமுற்றைக் கொண்டுவந்து வைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘அவமானம் தாங்காமல் புகார் கொடுத்தாள்’ என்று நாம் முடிப்பதில்லை. ‘அவமானம் தாங்காமல் வேறு ஊரில் வேலைக்குப் போனாள்’ என்றும் முடிப்பதில்லை. அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகு சாவு ஒன்றுதான் பொருத்தமாக வந்து உட்காருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவமானப்படுத்தியவன் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. அவமானம் மழை மாதிரி எங்கிருந்தோ பெய்கிறது. அதைத் தாங்க வேண்டியது அவள் வேலை, தாங்காதது அவள் குறை.

இணையத்தில் பரவும் தீங்கான உள்ளடக்கம் பற்றியும் தற்கொலைத் தடுப்பு பற்றியும் பேசும்போதெல்லாம் நமக்கு உடனே ஒரு செயலியோ விளையாட்டோ தெரியாத நாட்டுக்காரன் ஒருவனோ நினைவுக்கு வருகிறார்கள். இந்த இரண்டு சொற்கள் வருவதில்லை. ஆனால் மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் அலங்காநல்லூரிலிருந்தும் டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களோடு இத்தனை வருடம் பேசியதில், அவர்கள் மிரட்டப்படும்போது முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சொற்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மிரட்டுகிறவனுக்கும் இவை தெரியும். அவன் கையில் இருப்பது வெறும் படம். அந்தப் படத்துக்கு இவ்வளவு வலிமையைக் கொடுப்பது நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இந்த வாக்கியம்.

(ஒரு குறிப்பு: இந்தக் கட்டுரையில் யார் எப்படி இறந்தார் என்ற விவரம் எங்கும் இருக்காது. தெரியாததால் அல்ல. அப்படி எழுதுவது படிக்கிறவர்களில் சிலருக்குத் தீங்கு செய்யும் என்பதால்.)

மதுரைக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறே இருக்கிறது. 2017 ஆகஸ்ட் கடைசியில் மதுரையைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தார். ‘நீலத் திமிங்கலம்’ என்ற இணைய விளையாட்டுத்தான் காரணம் என்று செய்தி பரவியது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் மாதத்திலேயே, அந்த விளையாட்டின் இணைப்புகளை நீக்கும்படி கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கு மத்திய அரசு உத்தரவிட்டிருந்தது. பள்ளிகளில் எச்சரிக்கைக் கூட்டங்கள் நடந்தன. தொலைக்காட்சிகள் அந்த விளையாட்டின் ‘கட்டளைகளை’ ஒவ்வொன்றாக விளக்கின. எச்சரிக்கிறோம் என்ற பெயரில் வழிகாட்டிக்கொண்டிருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். அது ரஷ்யாவில் கிளம்பிய கதை என்பதும், அங்கேயே அது எவ்வளவு உண்மை என்ற கேள்வி 2016இலிருந்தே இருந்தது என்பதும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

2018 ஜனவரியில் உள்துறை இணையமைச்சர் மக்களவையில் பதில் சொன்னார். நிபுணர் குழு ஆராய்ந்து பார்த்ததில், அப்படிச் சொல்லப்பட்ட எந்த இறப்பிலும் அந்த விளையாட்டின் பங்கு உறுதிப்படவில்லை என்பதே பதில். எனக்குத் தெரிந்து அதற்கு வால்போஸ்டர் அடித்தவர் யாருமில்லை.

நான் நீதிமன்றத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஓர் இளைஞன் இறந்திருக்கிறான், மக்கள் பயந்திருக்கிறார்கள், நீதிபதிகள் சும்மா இருக்க முடியாது. ஆனால் அந்தப் பயம் என்ன செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் என் வகுப்பில் செல்போன் பறிபோனவர்கள் மாணவிகள். அவர்களுடைய அண்ணன் தம்பிகளின் போன் அப்படியே இருந்தது. இறந்தது ஒரு மாணவன். பூட்டு விழுந்தது பெண்பிள்ளைகளுக்கு. காரணம் கேட்டால், ‘என்னமோ கேம் வந்துருக்காம்ல’ என்பார்கள். ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை எதனால் உடைந்துபோகிறது, யாரிடம் சொல்லியிருக்கலாம் என்ற பேச்சு எந்த வீட்டிலும் நடந்ததாக நான் கேட்கவில்லை.

அடுத்தது 2019. அந்த வருடம் பிப்ரவரியில் டிக்டாக் நம் கலாச்சாரத்தைக் கெடுக்கிறது என்று சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது. தடை செய்ய மத்திய அரசைக் கேட்போம் என்று அமைச்சர் சொன்னார். ஏப்ரல் 3ஆம் தேதி, பொதுநல வழக்கு ஒன்றில், மதுரைக் கிளை டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. அதன்பின் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து அந்தச் செயலி காணாமல் போனது. ஏப்ரல் 24இல் தடை விலக்கப்பட்டது. குழந்தைகளை வக்கிரக்காரர்கள் அணுகக்கூடும் என்ற நீதிமன்றத்தின் கவலை நியாயமானது. ஆனால் தெருவில் அந்தத் தடையைக் கொண்டாடியவர்கள் குழந்தைகளைப் பற்றிப் பேசவில்லை. பாத்திரம் கழுவி முடித்த கையோடு நைட்டியும் துண்டுமாக ஒரு பாட்டுக்கு வாயசைத்த பெண்களைப் பற்றித்தான் பேசினார்கள். ‘குடும்பப் பொம்பளை ஆடுறா’ என்பதுதான் அவர்களுக்குத் தீங்கான உள்ளடக்கம். அந்த வீடியோவின் கீழே நூற்றுக்கணக்கில் விழுந்த கமெண்டுகளை யாரும் உள்ளடக்கம் என்றே எண்ணவில்லை. 2020 ஜூனில் வேறு காரணத்துக்காக மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. பெண்கள் ரீல்ஸுக்குப் போனார்கள். கமெண்ட் போட்டவர்களும் பின்னாலேயே போனார்கள்.

அதே மதுரைக் கிளை, டிக்டாக் உத்தரவுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு, வேறொன்றும் சொல்லியிருந்தது. பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டதற்காக, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. எனக்கு இது முக்கியமான உத்தரவு. தீங்கு செய்தது செயலியோ அந்நிய நாடோ இல்லை. அடையாளத்தைக் காக்க வேண்டிய அரசுத் தரப்பே அதை வெளியே விட்டது. அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்கிற தெளிவு அதில் இருக்கிறது. ஆனால் ஊர் நினைவில் நிற்பது டிக்டாக் தடைதான்.

இந்த இரண்டுக்கும் முன்பே சேலத்தில் நடந்ததை நாம் சரியாகப் படித்திருந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். 2016 ஜூன். 21 வயதுப் பெண். யாரோ அவள் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான். பெற்றோர் அவளைத் திட்டி மூலையில் உட்காரவைக்காமல், நேராகக் காவல்துறைக்குப் போனார்கள். நம் வீடுகளில் இதுவே அபூர்வம். போன இடத்தில் நாட்கள் ஓடின. காவலர் ஒருவர் செல்போன் ஒன்றை லஞ்சமாக வாங்கிக்கொண்டதாகப் புகார் எழுந்தது. இரண்டாவது படமும் வந்தது. மறுநாள் அவள் இல்லை. அதன் பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வருத்தம் தெரிவித்தார். படத்தைப் போட்டவனைப் பிடிக்கவும் செய்தார்கள். அவள் இறந்து இரண்டொரு நாளில் பிடிக்க முடிந்தவனை, புகார் கொடுத்த அன்றே ஏன் தேடவில்லை என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

அவள் கடைசியாக எழுதியதைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. நான் எடுத்து எழுதப் போவதில்லை. அதில் இருந்தது வாழ்க்கை மேல் வெறுப்பு அல்ல, தன்னை நம்புங்கள் என்ற மன்றாடல் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். நம்பவைக்க அவளுக்கு வேறு வழி இல்லை என்று யார் சொல்லிக் கொடுத்தது? ஃபேஸ்புக் சொல்லிக் கொடுக்கவில்லை.

வத்திராயிருப்புப் பக்கம், மேற்கு மலையடிவாரத்தில் அர்ச்சுனாபுரம் என்ற ஊரில் நல்லதங்காளுக்குக் கோவில் இருக்கிறது. மதுரைச் சமவெளியில் வளர்ந்த பெண்கள் அவள் கதையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. மானாமதுரைக்கு வாக்கப்பட்டவள், பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வந்தவள், அண்ணி மூளி அலங்காரியின் சொல் பொறுக்காமல் பிள்ளைகளோடு உயிரை விட்டவள். பெரிய எழுத்துப் புத்தகமாக, கூத்தாக, சினிமாவாக அந்தக் கதை தலைமுறை தலைமுறையாக ஓடியது. ஒப்பாரி வைக்கிற பாட்டிமார்கள் தங்கள் துயரத்தையும் சேர்த்து அவளுக்காக அழுதார்கள். அந்த அழுகையை நான் மதிக்கிறேன். ஆனால் கதை எதை நியாயமாக்குகிறது என்று பாருங்கள். பட்டினியைச் சகித்தவள் அவமானத்தைச் சகிக்கவில்லை, அதனால் தெய்வம். அண்ணன் வீடு இல்லையென்றால் அவள் வேறெங்கே போயிருக்கலாம் என்று கதை யோசிப்பதே இல்லை. மனைவி பிள்ளைகளை இந்த நிலையில் விட்ட கணவனைக் கதை பெரிதாகக் கேட்பதுமில்லை. குற்றமெல்லாம் இன்னொரு பெண்ணான அண்ணி தலையில்.

இதே நிலத்தில் தீப்பாய்ந்த அம்மன் கோவில்கள் எத்தனை! சந்தேகப்பட்ட பெண், களங்கம் சொல்லப்பட்ட பெண், கணவனை இழந்த பெண் இறந்தபின் ஊருக்குக் காவலாக உட்காருகிறாள். உயிரோடு இருந்தபோது அவள் சொன்னதை நம்பாத ஊர், செத்தபின் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நற்சான்று அவளுடைய சாவு. சமூக ஊடகத்தில் இறந்த பெண்ணின் படத்துக்குக் கீழே விழும் ‘ஆழ்ந்த இரங்கல்’களை இந்தப் பொங்கல் வரிசையில் வைத்துத்தான் நான் படிக்கிறேன். முந்தின வாரம் அவளை ஏசிய அதே கைகள்.

மதுரைக்கு வேறொரு கதையும் இருக்கிறது. கண்ணகி தன்னை அழித்துக்கொள்ளவில்லை. புகாரோடும் ஆதாரத்தோடும் அரசவைக்குப் போனாள். அங்கே வெட்கி உயிர்விட்டது தவறான தீர்ப்புச் சொன்ன பாண்டியன். நம் இலக்கியத்தில் அவமானம் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்ந்த அபூர்வமான இடம் அது. யாரும் சாக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அரசனும் சாகாமல் பதில் சொல்லியிருக்கலாம். கண்ணகியைக் கற்பின் சிலையாக்கி நிறுத்திய நாம், அவள் புகார் கொடுக்கப் போன பெண் என்பதை மறந்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

படம், ஆபாசம், காதல் எதுவுமே இல்லாமல் ஒரு பெண்ணை இந்த வாக்கியத்துக்குள் தள்ள முடியும் என்பதை 2024 காட்டியது. ஏப்ரல் கடைசியில் ஆவடிக்குப் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு கைக்குழந்தை பால்கனியிலிருந்து தவறி, கீழே இருந்த கூரையில் சிக்கியது. அக்கம்பக்கத்தார் போர்வை பிடித்து, ஜன்னல் வழியே ஏறி, அதை மீட்டார்கள். குழந்தை பிழைத்தது. அந்த வீடியோ எத்தனை கோடி முறை ஓடியிருக்கும்! மீட்டவர்களைப் பாராட்டிய கையோடு எல்லோரும் தாயைத் தேடினார்கள். ‘இவளெல்லாம் ஒரு அம்மாவா?’, ‘போன் பார்த்துட்டு இருந்திருப்பா’. அவரைப் பற்றி எதுவும் தெரியாத ஆயிரம் பேர் தீர்ப்பு எழுதினார்கள். அப்பா எங்கே என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம். மூன்று வாரம் கழித்து, காரமடையில் தன் பெற்றோர் வீட்டில் அந்தத் தாய் இறந்தார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு செய்தி வந்தது.

ஓர் இறப்புக்கு ஒற்றைக் காரணம் சொல்லக் கூடாது என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது சரி. அந்தக் கமெண்டுகள்தான் அவரைக் கொன்றன என்று நானும் எழுத மாட்டேன். ஆனால் ஏற்கெனவே நோயோடு போராடிக்கொண்டிருந்த ஒருவரின் மேல் அவ்வளவு பேர் ஏறி நின்றார்கள் என்பது உண்மை. தற்கொலைக்குத் தூண்டுவது குற்றம் என்ற சட்டப்பிரிவு ஒரு மாமியாரையோ கணவனையோ தேடும். ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போன கூட்டத்தை அது எப்படித் தேடும்? அந்த வீடியோவையும் கேலியையும் மேலே தூக்கித் தூக்கிக் காட்டிய நிறுவனங்களைத் தேட வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் இன்னும் வேர் பிடிக்கவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாம் பழைய ஆணாதிக்கம்தான், இணையம் வெறும் கண்ணாடி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. லண்டனில் 2017இல் இறந்த ஒரு 14 வயதுச் சிறுமியின் வழக்கில், 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி ஒரு முடிவுக்கு வந்தார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய பதிவுகளை இன்ஸ்டாகிராமும் பின்டரெஸ்டும் அவளுக்கு ஓயாமல் கொண்டுவந்து காட்டியிருந்தன. அவை அவள் இறப்பில் பங்கு வகித்தன என்றார். அவள் தேடாததையும் அவளுக்குத் தேடித்தந்தது அந்த இயந்திரம். சோகமான ஒரு வீடியோவில் பத்து விநாடி கூடுதலாக நின்றால் அடுத்து இருபது சோக வீடியோ வரும். என் மாணவிகளின் போனிலும் இது நடக்கிறது. காதல் தோல்விப் பாடலில் தொடங்கி, தனியாக அழுகிற பெண்ணின் படத்துக்கு வந்து, பிறகு சாவை விடுதலையாகச் சொல்லும் வரிகளுக்கு வந்து நிற்கும். தமிழிலேயே வரும். இதைத் தடுக்கச் சொல்வது தணிக்கை ஆகாது. அந்தத் துயரத்தைக் காட்டி விளம்பரம் விற்கிறார்கள்.

எண்களையும் பார்த்துவிடுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இல்லத்தரசிகள் மட்டும் நாடு முழுக்க 25 ஆயிரத்துக்கு மேல். காரணங்களின் பட்டியலில் முதலிடம் ‘குடும்பப் பிரச்சினை’க்கு. அந்தக் கட்டத்துக்குள் என்னென்ன கிடக்கும் என்று பெண்களுக்குத் தெரியும். இன்னொரு கட்டம் ‘சமூக மதிப்புக் குறைவு’. அரசாங்கத்தின் ஆவணத்திலும் நம் வால்போஸ்டர் வாக்கியம் ஒரு காரணமாகப் பதிவாகிறது. மிரட்டியவன், படத்தைப் பரப்பியவன், புகாரை வாங்காதவர் யாருக்கும் அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

தடுப்பு என்றால் என்ன? பெரும்பாலும் நாம் பெண்ணிடமிருந்து எதையாவது பிடுங்குவதைத் தடுப்பு என்கிறோம். போனைப் பிடுங்குவது, படிப்பை நிறுத்துவது, அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்ப்பது. தமிழ்நாட்டிலேயே உண்மையான தடுப்புக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தோற்றால் ஒரு வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. தேர்வு முடிவு வரும் நாட்களில் பிள்ளைகள் இறந்துகொண்டே இருந்தார்கள். 1986இல் சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வாதாடி, தோற்றவர்கள் உடனே எழுதும் துணைத் தேர்வு வந்தது. ‘மனதைத் திடமாக வைத்துக்கொள்’ என்று பிள்ளைகளுக்கு அறிவுரை சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. தோல்விக்குப் பின்னால் ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். பிள்ளை தாங்குமா தாங்காதா என்பதைச் சோதிக்காமல், தாங்க வேண்டிய பாரத்தைக் குறைத்தார்கள்.

மிரட்டப்படும் பெண்ணுக்கும் அப்படிக் கதவுகள் வேண்டும். சில ஏற்கெனவே இருக்கின்றன, தெரிந்தவர்கள்தான் குறைவு. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படமோ ஒட்டுவேலை செய்த படமோ பரவினால், அவளோ அவள் சார்பில் இன்னொருவரோ புகார் செய்தால் போதும், 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின. தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலேயே பதியலாம். தொலைபேசி எண் 1930. பெண்கள் உதவிக்கு 181. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படம் நம் போனிலேயே இருக்கும், அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டும் போகும். சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதை வைத்து அந்தப் படம் ஏறாமல் தடுக்கும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று தனியாக ஒன்று. யாரிடமாவது பேசினால் போதும் என்று இருந்தால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். 104 இருக்கிறது. சிநேகாவின் எண் 044-24640050. இவற்றைக் கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் போடுவது வழக்கம். கடைசிவரை படிக்காதவர்களுக்குத்தான் இவை அதிகம் தேவைப்படும் என்பதால் நடுவிலேயே வைக்கிறேன்.

ஊடகத்துக்கும் விதி இருக்கிறது. தற்கொலைச் செய்தியைப் பரபரப்பாகப் போடக் கூடாது, தலைப்பில் முழங்கக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது என்று 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகை மன்றம் நெறிமுறை வகுத்தது. டீக்கடை வாசலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. யூடியூப் சேனல்களைக் கேட்கவே வேண்டாம்.

இறப்புச் செய்தியைப் பரபரப்பாக வெளியிட்டால் அதேபோன்ற இறப்புகள் கூடுகின்றன என்பதை 1974இலேயே ஆய்வு காட்டியது. இதன் மறுபக்கம் 2010இல் வியன்னாவில் நடந்த ஓர் ஆய்வில் வந்தது. நெருக்கடியில் இருந்து மீண்டவர்களைப் பற்றிய செய்தி வந்தால் இறப்புகள் குறைவதோடு அது தொடர்புடையது என்று கண்டார்கள். நம்மிடம் அப்படி ஒரு செய்தி இருக்கிறது, அதை நாம் சரியாக எழுதவில்லை. பொள்ளாச்சியில் பெண்களை வீடியோ எடுத்து மிரட்டினார்கள். பல பெண்கள் வருடக்கணக்கில் வாய் திறக்கவில்லை. பிறகு சிலர் திறந்தார்கள். 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லை. ஆறு வருடம், அடையாளம் வெளியாகிவிடுமோ என்ற பயத்தோடு, கல்யாணம், வேலை, வீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, அந்தப் பெண்கள் நீதிமன்றத்துக்குப் போய்வந்தார்கள். தீர்ப்பு நாளில் எல்லாத் தலைப்புகளிலும் குற்றவாளிகளின் பெயரும் தண்டனையும். ‘அவமானம் தாங்காமல் சாட்சி சொன்னார்கள்’ என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்த எச்சத்துக்கு அப்படியும் ஒரு முற்று உண்டு.

தீர்ப்பு வந்த பிறகு வகுப்பில் இதைப் பற்றிப் பேசினேன். சட்டம், விதி, தளம், எண் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பெரும்பாலோர் குறித்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “புகார் கொடுத்தா ஆதாரம்னு போனை வாங்கி வச்சுக்குவாங்களாமே மேடம், எத்தன நாள் வச்சுக்குவாங்க?” என்று கேட்டாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் தனக்காகக் கேட்டாளா, தோழிக்காகக் கேட்டாளா என்று நான் விசாரிக்கவில்லை. அவள் வீட்டில் இருப்பது ஒரே போன். அம்மா நூறு நாள் வேலைக்குக் கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அதில்தான். இவள் தேர்வுக்குப் பணம் கட்டுவது, பாடக் குறிப்புகள் வாங்குவது, ராத்திரி பஸ் தாமதமானால் தகவல் சொல்வது எல்லாம் அதில்தான். அந்தப் போன் வீட்டை விட்டுப் போனால் ஏன் போனது என்று அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். நான் படித்த எந்த உத்தரவிலும் விதியிலும் அவள் கேள்விக்குப் பதில் இல்லை. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். தகவலை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுக்கும்படி மனுப் போடலாம், ஆனால் அதற்கும் அலைய வேண்டும் என்றார். அந்த மனுவை எப்படி எழுதுவது என்று இப்போது கற்றுக்கொண்டிருக்கிறோம், நானும் அந்த வகுப்பில் நான்கு பெண்களும்.